வாசல் உண்டு, கோட்டை இல்லை
(மதுரையை ஒரு சுற்று நடந்து பார்த்த கதை)

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நீங்க வரலாறு படிச்சவரு. நாலு பக்கம் எழுதிக் குடுத்துருங்க" என்றார். படித்தது வரலாறு, பார்த்தது ஆபீஸ் கணக்கு, ஓய்வு பெற்ற பிறகு பேரனோடு கேரம் போர்டு. எதை எழுதுவது என்று இரண்டு வாரம் யோசித்தேன். கடைசியில், கல்லூரியில் நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்விக்கு இப்போதாவது பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

1978-இல் நான் பி.ஏ. முதலாண்டு சேர்ந்தேன். எங்கள் வரலாற்றுப் பேராசிரியருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வகுப்பு முழுவதையும் ஊருக்குள் நடக்க வைப்பார். பாதிப் பேர் தூங்கிவிடுவோம். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மேலவெளி வீதியில் தொடங்கி, மாசி வீதிகளைத் தொட்டு, விளக்குத்தூணில் கொண்டுபோய் நிறுத்துவார். டீ அவர் செலவு. முதல் நடையின் முடிவில் அந்தத் தூணைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: "கோட்டையை இடிச்சவனுக்கு இந்த ஊரே நன்றி சொல்லி விளக்கு வச்சிருக்கு. ஏன்? யோசிச்சு எழுதிக்கிட்டு வாங்க."

நான் அந்த நடைக்குப் போகவில்லை. அறை நண்பன் சொல்லிக் கேட்டுக்கொண்டு, நூலகத்தில் அமர்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். 'வெள்ளைக்காரன் காலில் விழுந்த அடிமை மனப்பான்மை' என்று காரசாரமாக முடித்திருந்தேன். தாள் திரும்பி வந்தபோது மதிப்பெண் இல்லை. சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'நடந்து பார்க்காமல் எழுதியது.'

அவர் இன்று நம்மிடையே இல்லை. சென்ற தை மாதம், எங்கள் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும், நம் வரலாற்றுத் துறையில் இப்போது மூன்றாமாண்டு படிக்கும் மாணவி ஒருவரும் சேர்ந்து அதே வழியில் நடந்தோம். அந்த நடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேலவாசல்

காலை ஐந்தே முக்காலுக்குப் பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் கூடினோம். நம்மில் பெரும்பாலோர் ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய இடம் அது. அங்கிருந்து பார்த்தால் மேலவெளி வீதியில், கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே பழைய கல் சுவர் ஒன்று தெரியும். மதுரைக் கோட்டையில் மிஞ்சியிருக்கும் கொத்தளம் அதுதான். மூன்று வருடம் அதன் எதிரே பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறேன். அது கோட்டை என்று எனக்குத் தெரியாது. கூட வந்த நண்பர், எங்கள் காலத்துக் கபடி கேப்டன், "நான் ஏதோ தண்ணித் தொட்டி இடிஞ்சு கெடக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார். சிரித்தோம். சிரிக்க வேண்டிய விஷயமா என்பது வேறு.

அந்தக் கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழும்பியது. பழைய பாண்டியர் கோட்டையைவிடப் பெரியது. இரட்டை மதில், சுற்றிலும் அகழி, 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளத்துக்கும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்று சொல்வார்கள். இன்று மதில் இல்லை, அகழி இல்லை. ஆனால் ஆட்டோக்காரரிடம் 'கீழவாசல்' என்றால் கொண்டுபோய் விடுகிறார். 'தெற்கு வாசல்' என்று பஸ்ஸில் போர்டு இருக்கிறது. மேலவாசலில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். 'வெளி வீதி' என்றால் எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே! கோட்டை போய் 180 வருடத்துக்கு மேலாகியும், நாம் தினமும் வாசல் வழியாக உள்ளே போய் வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறோம்.

மேலவெளி வீதியிலேயே ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. பகலில் வாசகசாலை, மாலையில் ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம். நம்மில் பலர் வீட்டில் சொன்னது வாசகசாலை. போனது எங்கே என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

மேஸ்திரி பெயரில் ஒரு வீதி

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே பெருமாள் மேஸ்திரி வீதிகளும் மாரட் வீதிகளும் வருகின்றன. மற்ற வீதிகளைப் பாருங்கள்: கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. எல்லாம் மாதங்களின் பெயர்கள், திருவிழாவின் பெயர்கள். திடீரென்று நடுவில் ஒரு மேஸ்திரியும் ஒரு வெள்ளைக்காரரும் எப்படி நுழைந்தார்கள்?

ஜான் பிளாக்பர்ன் என்பவர் 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டர். 1837-இல் தொடங்கிக் கோட்டையை இடிக்கும் வேலை நடந்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தைத் தருவதாகக் கலெக்டர் அறிவித்தார். ஊர் மக்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். அகழி வற்றவைக்கப்பட்டது. இடிந்த மதிலின் கல்லும் மண்ணும் அதற்குள் போயின. அந்த இடத்தில் புதிய வீதிகள் பிறந்தன. அந்த வேலையில் கலெக்டருக்குத் துணை நின்ற மாரட்டும் மேற்பார்வை பார்த்த பெருமாள் மேஸ்திரியும் வீதிகளின் பெயராக நின்றுவிட்டார்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் தெரு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. ஒரு மேஸ்திரிக்கு ஊரின் ஒரு சுற்று வீதியையே கொடுத்த ஊர் எனக்குத் தெரிந்து மதுரைதான்.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் நடக்கும்போது எங்கள் மூவருக்கும் கால் தானாக நின்றது. தங்கம் தியேட்டர் இருந்த இடம். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2,563 இருக்கைகள்; ஆசியாவிலேயே பெரியது என்று நாங்கள் வெளியூர்ப் பையன்களிடம் பீற்றிக்கொள்வோம். இப்போது அங்கே பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. "சார், அந்தத் தியேட்டர் போட்டோ உங்ககிட்ட இருக்கா?" என்று மாணவி கேட்டார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை படம் பார்த்திருப்போம்! ஒருவரிடமும் ஒரு படம் இல்லை.

மாசி வீதியில் சித்திரைத் தேர்

மேலமாசி வீதியில் காந்தியடிகள் தங்கியிருந்த வீட்டின் முன் நின்றோம். கதர் விற்பனை நிலையமாக இருப்பதால் வீடு தப்பித்தது. 1921 செப்டம்பர் 22 அன்று காலை, இந்த வீட்டு மாடியிலிருந்துதான் அவர் வேட்டியும் சட்டையும் தொப்பியும் துறந்து அரையாடையோடு இறங்கி வந்தார். பிறகு அவர் பேசிய இடம், காமராசர் சாலையில் 'காந்தி பொட்டல்' என்று இன்றும் பெயர் சொல்லுகிறது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த உருவம் நாம் சைக்கிள் விட்டுப் பழகிய தெருவில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

மாணவி கேட்டார்: "சார், தேர் சித்திரை மாசம்தானே ஓடுது? ஏன் மாசி வீதியில ஓடுது?" நல்ல கேள்வி. முன்பு மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்தன. அப்போது மாசி வீதி அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது ஊர் வழக்கு. அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும் மாதம் அது. சைவர் விழாவும் வைணவர் விழாவும் ஒன்றாகி, சுற்றுவட்டச் சமவெளிக் கிராமமெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தது. விழா மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. மதுரையில் எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் பெயருக்கும் இருப்புக்கும் எங்கே பொருந்தவில்லை என்று பாருங்கள். அங்கே ஒரு கதை கிடக்கும். இது என் கண்டுபிடிப்பு அல்ல, பேராசிரியர் சொன்னது.

இந்த ஊரை நடந்து பார்த்து எழுதும் பழக்கம் மிகப் பழையது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பகல் கடையையும் இரவுக் கடையையும் வரிசையாகக் காட்டுகிறார். சிலப்பதிகாரத்தில் கோவலன் ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே 'ஊர்காண் காதை' இருக்கிறது. 1915 வாக்கில் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதியபோது மதுரையும் அதில் இடம்பெற்றது. பஸ்ஸில் போனால் மதுரை நெரிசல். நடந்தால்தான் அது நகரம்.

கோபுரத்தைச் சுற்றி

கோயிலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் சித்திரை வீதியில் நடந்தபடி நான்கு வெளிக் கோபுரங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே கை கட்டியது அல்ல. கிழக்குக் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தது. மேற்குக் கோபுரம் 14-ஆம் நூற்றாண்டு. சுமார் 170 அடி உயரத்தில் லேசாக உள்வளைந்து நிற்கும் தெற்குக் கோபுரம் 1559-இல் சிராமலை செவ்வந்தி மூர்த்தி செட்டியார் கட்டியது. வடக்குக் கோபுரம் நாயக்கர் காலத்தில் தொடங்கி முடிக்கப்படாமல் 300 ஆண்டுகள் 'மொட்டைக் கோபுர'மாக நின்றது. 1878-இல்தான் வயிநாகரம் நாகப்ப செட்டியார் அதை முடித்தார். முடிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் ஊருக்கு அது மொட்டைக் கோபுரம்தான்.

தெற்குக் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றபோது இன்னொரு தேதியும் நினைவுக்கு வந்தது. 1939 ஜூலை 8. அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலான தோழர்களோடு இந்தக் கோயிலுக்குள் சென்றார். அதுவரை உள்ளே விடப்படாதவர்களுக்குக் கோயில் திறந்தது. கோட்டை மதில் இடிந்து நூறு வருடம் கழித்து விழுந்த இன்னொரு மதில் அது. இந்த மதில் போனதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. வயது நானூறு ஆகப்போகிறது, பெயர் இன்னும் 'புது'. நம் காலத்தில் 124 தூண்களுக்கும் நடுவே தையல் மெஷின் சத்தம் கேட்கும். பாடப் புத்தகம் பழையது வாங்க, தங்கைக்குப் பாவாடை தைக்க, பரதநாட்டிய உடுப்பு வாங்க எல்லாம் இங்கேதான். யாளியின் வாயில் ஊசி நூல்கண்டு தொங்கும். கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2018 பிப்ரவரி 2 அன்று இரவு வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கல் வெடித்து விழுந்த பிறகு, கல் மண்டபத்தில் கடை வேண்டாம் என்ற பேச்சு வலுத்தது. சிற்பத்துக்கு அது நல்லதுதான். தாத்தா காலம் முதல் அங்கே தைத்தவர்களின் மனநிலை வேறாகத்தான் இருக்கும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், "எங்க அம்மாவுக்குக் கடைசியா ரவிக்கை தச்சது இந்தத் தூணுக்குக் கீழதான்டா" என்று ஒரு தூணைக் காட்டினார். தொல்லியல் துறைப் பலகையில் அது வராது. மலரிலாவது வரட்டும்.

தாத்தா கட்டியதைப் பேரன் இடித்தார்

ஏழரை மணிக்கு விளக்குத்தூண். பக்கத்துச் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் நிற்கிறது. திருமலை நாயக்கர் அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதி இருந்த இடத்தின் மிச்சம் என்பார்கள். அந்தத் தூணிலிருந்து இன்றைய மகால் வரை நடந்து பாருங்கள், அரண்மனை எத்தனை பெரியதாக இருந்திருக்கும் என்று கால் சொல்லும். நவபத்கானா தெரு என்ற பெயர், அரண்மனை வாத்தியங்கள் முழங்கிய இடத்தின் நினைவு.

1636-இல் எழும்பிய அந்த அரண்மனையை யார் இடித்தது? படையெடுத்து வந்த எதிரி என்று நான் பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தேன். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர்தான் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையைப் பிரித்துத் தூணையும் மரத்தையும் கொண்டுபோனார். மிஞ்சியதும் சரிந்துகொண்டிருந்தது. 1792-இல் வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் அதைப் படமாக வரைந்தார்கள். 1858-இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி பெரிய கேமராவோடு வந்து அரண்மனையையும் கோயிலையும் போட்டோ எடுத்தார். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்ததால் சொர்க்கவிலாசம் நமக்குக் கிடைத்தது. பிறகு 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. சுற்றியுள்ள மகால் தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் பட்டும் சுங்குடியும் செய்தன. சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மகாலின் வாசற்படியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, மாணவி ஒன்று கேட்டார்: "ஏன் சார், நம்ம ஊர்ல இடிச்சவங்க எல்லாம் நம்ம ஆளுங்களாவே இருக்காங்க?"

எனக்கு இட்லி தொண்டையில் நின்றது. காரணம் இருக்கிறது.

நான் இடித்த வீடு

தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. தாத்தா கட்டிய மச்சு வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே பட்டாசாலை, முற்றம், தேக்கு உத்திரம், சுண்ணாம்புச் சாந்துச் சுவர். ஆடி மாதத்திலும் தரையில் படுத்தால் குளிரும். இரவில் வழிப்போக்கர் யாராவது திண்ணையில் படுத்திருப்பார். காலையில் அம்மா நீராகாரம் கொடுப்பார். மொட்டை மாடியில் ஏறினால் நான்கு கோபுரமும் தெரியும். வடகிழக்கே யானைமலை படுத்த யானையாகத் தெரியும். அந்த மலையில் நரசிங்கம் குடைவரை இருக்கிறது, கல்வெட்டு கி.பி. 770-ஐச் சேர்ந்தது என்பதையெல்லாம் நான் கல்லூரியில் படித்தேன். மலையை மட்டும் பிறந்தது முதல் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா 2003-இல் இறந்தார். நாங்கள் மூன்று அண்ணன் தம்பிகள். மூவரும் வேறு வேறு ஊர். பூட்டிய வீடு ஒழுகியது. அடுத்த ஆண்டு விற்றோம். வாங்கியவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுத்தார். பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. மூத்தவன் நான்தானே. மூன்று வாரத்தில் இடித்து முடித்தார்கள். தேக்கு உத்திரம் லாரியில் போனதாகப் பக்கத்து வீட்டு அத்தை போனில் சொன்னார். நான் வரவில்லை, ஆபீஸில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது.

வரலாறு படித்தவன் நான். கோட்டை இடிந்ததற்குக் காரசாரமாகக் கட்டுரை எழுதியவன். என் வீட்டை இடிக்கும் முன் ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. எங்கிருந்தோ வந்த டிரைப், மாட்டு வண்டிக் காலத்தில் கண்ணாடியும் ரசாயனமும் சுமந்து வந்து மதுரையைப் படம் எடுத்தார். அதில் விளக்குத்தூணின் படமும் ஒன்று. எனக்கு வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

மறுபடியும் விளக்குத்தூண்

மகாலிலிருந்து திரும்பி விளக்குத்தூணுக்கே வந்தோம். அதே இடம், அதே கேள்வி. ஐந்து டீ சொன்னோம். இம்முறை செலவு என்னுடையது.

நடந்து பார்த்தபின் எனக்குப் புரிந்த பதில் இதுதான். மதில் என்பது நமக்குப் பெருமை. அதற்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அது வேறு. 1340களில் வந்த இப்னு பதூதா, மதுரையில் கொள்ளை நோயில் மக்கள் மடிந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். கோட்டை இருந்தால் முற்றுகையும் வரும். 1763, 1764-இல் கான் சாகிப் என்னும் முகம்மது யூசுப் கான் இந்தக் கோட்டைக்குள் இருந்துகொண்டு ஆர்க்காட்டு நவாபையும் கம்பெனிப் படையையும் எதிர்த்து நின்றார். கடைசியில் உடன் இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் தூக்கில் போட்டார்கள். கான்பாளையம் என்ற பெயர் அவர் நினைவு. அப்படிப்பட்ட மதிலுக்குள் பஞ்சமும் பசியும் பார்த்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள்தான் பிளாக்பர்ன் காலத்தவர்கள். தேங்கிய அகழி, நெருக்கடி, காய்ச்சல். அதை இடித்தால் காற்றும் வரும், கையளவு நிலமும் வரும். விளக்கு வைத்தது அடிமைப் புத்தி என்று நான் எழுதியது தவறு. அவர்கள் மூச்சு விட்டதற்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. வங்கி நண்பர், "அப்போ இடிச்சது சரிங்கிறியா? அப்படின்னா நீ வீட்டை வித்ததும் சரிதானே, எதுக்கு முழிக்கிற?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி.

வேறுபாடு ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. கோட்டையை இடித்தவர்கள் ஊரின் வடிவத்தை இடிக்கவில்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரிந்த ஊருக்கு, அதே போக்கில் இன்னும் சில சதுரங்களைச் சேர்த்தார்கள். வாசலின் பெயரை விட்டு வைத்தார்கள், வேலை செய்த மேஸ்திரியின் பெயரைத் தெருவில் எழுதினார்கள். ஆகவே 180 வருடம் கழித்தும் ஒரு மாணவி நடந்து பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடிகிறது. நான் இடித்ததில் என்ன மிஞ்சியது? சந்தின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியவில்லை. இடித்தது குற்றமா இல்லையா என்று வழக்காட வரவில்லை. ஒரு குறிப்பும் இல்லாமல் இடித்ததுதான் என் தவறு.

மாடியிலிருந்து

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. எங்கள் வீட்டு இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் இருக்கிறது. இந்த முறை அங்கேதான் தங்கினேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நான் பிறந்த இடத்தில் ஒரு நாள் வாடகை கொடுத்து, அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு ரூம் எடுத்தேன். வரவேற்பில் இருந்த பையன், "மதுரைக்கு முதல் தடவையா சார்?" என்றான். "இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

நடை முடிந்து, மற்றவர்கள் போன பிறகு, மாலையில் தனியாகக் காமராசர் சாலை வழியே தெப்பக்குளம் வரை நடந்தேன். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். நம் காலத்தில் பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும், மைய மண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நானும் அங்கே ஒரு பல்லை இழந்திருக்கிறேன். அண்மை ஆண்டுகளில் வைகைத் தண்ணீரைப் பனையூர்க் கால்வாய் வழியே கொண்டுவந்து நிரப்பி வருகிறார்கள். படி தொட்டுத் தண்ணீர் நின்றது. போனது திரும்பாது என்று யாராவது சொன்னால் தெப்பக்குளத்தைக் காட்டுங்கள்.

இரவு லாட்ஜ் மொட்டை மாடிக்குப் போகலாமா என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "துணி காயப்போடத்தான் சார் விடுவோம்" என்றவன், என்ன நினைத்தானோ, சாவி கொடுத்தான். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறதே, அதன் புண்ணியத்தில் நான்கு கோபுரமும் தெரிந்தன. வடகிழக்கே இருட்டில் யானைமலை தெரியவில்லை. காலையில் மறுபடி ஏறிப் பார்த்தேன். படுத்திருந்தது.

நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் பெட்டியில் ஒரு பழைய போட்டோ, வீட்டு வரி ரசீது, கிரயப் பத்திர நகல் இருக்கும். பின்னால் தங்கம் தியேட்டரோ, புதுமண்டபமோ, இடிந்துபோன ஒரு தெருவோ தெரியலாம். ஒரு நகல் எடுத்து நம் வரலாற்றுத் துறைக்குக் கொடுங்கள். மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நான்கு மாசி வீதிகளுக்குள் இன்னும் திண்ணை வைத்த வீடுகள் இருக்கின்றன. ஒரு டேப், ஒரு நோட்டு, கையில் இருக்கும் போன் போதும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அளந்து, படம் எடுத்து, யார் கட்டியது, எந்த மேஸ்திரி என்று கேட்டு எழுதி வையுங்கள். இடிப்பதைத் தடுக்க நம்மால் முடியாமல் போகலாம். எழுதுவதை யார் தடுப்பது?

சந்திப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு மேலவெளி வீதிக் கொத்தளத்தின் எதிரே நிற்பேன். வருகிறவர்கள் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். விளக்குத்தூணில் டீ என் செலவு.